நிற்கிற படம்

நிலைக்கதவைப் பிடித்திருந்த கையைப் பாப்பம்மா எடுத்துவிட்டாள். அதற்காகத்தான் மகள் இராஜேஸ்வரி காத்திருந்தாள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வலது முழங்கையைத் தூக்கியதும் மணிக்கட்டு சுரீரென்று இழுத்தது. மறுபடி கண்ணை வைத்தபோது அம்மாவின் கை கதவுக்கே போயிருந்தது.

இராஜேஸ்வரி கண்டியில் கல்யாணப் படம் எடுப்பவள். நாள் முழுக்கக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பிடித்தே அந்தக் கை கெட்டிருந்தது. பக்கவாட்டிலும் படமெடுக்கும் பொத்தான் வைத்த கேமரா வந்திருக்கிறது, நிமிர்த்திப் பிடித்தாலும் முழங்கை இடுப்போடு இருக்கும், மாற்றிவிடு என்று கூட்டாளி இல்மா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கனம் கூடும், இருப்பதே நன்றாகத்தானே இருக்கிறது என்று இவள் தள்ளிப்போட்டாள்.

மடுல்கெல்லவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவள் படம் எடுக்க வரவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அம்மாவோடு இருக்க வந்தாள். படம் கேட்டது அம்மாதான். படுத்திருக்கிறதை எடுக்காதே, தலையிலிருந்து கால்வரைக்கும் நிற்கிற படம் வேண்டும் என்றாள்.

“கை வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“ஆறட்டும். இன்னொருக்கா நிக்கிறேன்.”

சேலையைத் தட்டிவிட்டு, நேரே பார்த்தபடி, எதையும் பிடிக்காமல் நின்றாள். இந்த முறை படம் விழுந்தது.

அன்று சாயங்காலமே பாப்பம்மா போய்விட்டாள்.

மறுநாள் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இராஜேஸ்வரியின் தம்பி சுரேஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“முடியாதவங்கள எதுக்கு நிக்க வச்ச?”

“நான் வைக்கல. அம்மாவாத்தான் நின்னாங்க.”

படத்தில் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் போதும் என்று காலையில் சொல்லியிருந்தான். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. கால்வரைக்கும் முழுதாகவே பிரேம் போட்டு இல்மா கண்டியிலிருந்து எடுத்து வந்தாள்.

இல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இராஜேஸ்வரி சொன்னாள்.

“நீ சொன்ன அந்தக் கேமராவ எனக்குக் கடையில எடுத்து வைக்கச் சொல்லு.”

அதைப் பிறகு யோசிக்கலாம் என்றாள் இல்மா.

“யோசிச்சாச்சு. இனி யாரையும் ரெண்டாந்தரம் நிக்கச் சொல்ல மாட்டேன்.”

படம் உயரமாக இருந்ததால் மேசைமேல் நிற்கவில்லை. சுரேஸ் அதைத் தூக்கி வாசலையொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தான். சாவுக்கு வந்தவர்கள் ஒருக்களித்து, இடம் விட்டு உள்ளே போனார்கள்.