எல்லாரும் குப்பண்ணன்

முதலமடை மாந்தோப்புக்காரர் சங்கத்துக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்தவன் சிவப்பிரகாஷ். எந்தத் தோப்பில் எந்தக் காய் பறிப்புக்கு நிற்கிறது, லாரி எப்போது வரும் என்பதெல்லாம் இனி போனிலேயே தெரியும். தொடக்க விழாவன்று சங்கத் தலைவர் குப்பண்ணன் மேடையிலேயே தன் போனை எடுத்து, எல்லாரும் பார்க்க லாகின் செய்தார். கீழே இருந்தவர்களும் ஆளுக்கொரு போனில் திறந்தார்கள். யாரிடமும் லாகின் கேட்கவில்லை. எல்லார் திரையிலும் ஒரே வரிதான் வந்தது: ‘வணக்கம், தலைவர் குப்பண்ணன்.’

தலைவர் பக்கத்து நாற்காலிக்காரரின் போனை எட்டிப் பார்த்தார். அதற்கும் பக்கத்துப் போனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நான் கேக்கவே இல்லை கண்ணு. நீயாத்தான் செஞ்சிருக்கறே” என்றார்.

தப்பு எங்கே என்று சிவப்பிரகாஷுக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கங்களை சர்வரே தயாரித்து அனுப்புகிற மாதிரி எழுதியிருந்தான். ‘இப்போது வந்திருப்பது யார்’ என்கிற விவரத்தை, எங்கிருந்தும் எடுத்துக்கொள்ள வசதியாக, பொதுப் பெட்டி மாதிரியான ஒரு குளோபல் ஸ்டோரில் வைத்திருந்தான். அதே நிரல் அவரவர் போனில் ஓடினால் ஆளுக்கொரு ஸ்டோர் இருக்கும். சர்வரில் ஓடும்போது ஊருக்கே ஒன்றுதான். தலைவர் உள்ளே நுழைந்ததும் ஊரே தலைவராகிவிட்டது. அவன் லேப்டாப்பில் சோதித்தபோது அவன் ஒருவன்தான் இருந்தான், அதனால் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஒரு மரியாதைக்குத்தானுங்க மாமா” என்று வாயில் வந்துவிட்டது. கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் தோப்புக்காரர்களுக்கு விஷயம் பிடிபட்டது. பெயர் மட்டுமல்ல, தலைவரின் அதிகாரமும் கைக்கு வந்திருந்தது. ‘லாரிகள் கோவிந்தாபுரம் வழியாகவே போக வேண்டும் – தலைவர்’ என்று ஓர் அறிவிப்பு வந்தது. ‘அந்த வழியாகப் போகவே கூடாது – தலைவர்’ என்று அடுத்தது வந்தது. ஒரு தலைவர் செயலாளரை நீக்கினார். செயலாளரே இன்னொரு தலைவராகித் தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். கடைசியாக ஒன்று வந்தது: ‘உடம்புக்கு முன்னைப்போல முடியவில்லை. தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன். சின்னவர்கள் வரட்டும். – குப்பண்ணன்.’

சிவப்பிரகாஷ் வீட்டுக்கு ஓடி, கோயம்புத்தூரில் இதே வேலையில் இருக்கும் அக்கா ஜீவிதாவுக்குப் போன் போட்டான்.

“யூசரைக் குளோபல்ல வெச்சியா?” என்று, அவன் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கேட்டாள்.

“வெச்சேன்.”

“முதல்ல சைட்டை நிறுத்து. ஒருத்தர் பக்கத்தைக் கேக்கற ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் புதுசா ஒரு ஸ்டோர் வர்ற மாதிரி எழுது. பக்கம் போனதும் அதும் போயிரோணும். ரெண்டு போன்ல வெச்சாவது பார்த்தியா?”

“எங்கிட்ட ஒண்ணுதானேக்கா இருக்குது.”

“நல்லாப் பார்த்தே போ. சரி பண்ணிட்டு நேரா அவருகிட்டயே போய்ச் சொல்லு.”

சரி செய்து முடித்து, இரவல் போன் ஒன்றிலும் பார்த்துவிட்டு, தலைவர் வீட்டுக்குப் போனான். வாசலெல்லாம் பைக்குகள். பஞ்சாயத்து மெம்பர் மாலையோடு நின்றார். “இந்தக் காலத்துல பதவியை யாருங்க தானா விடறாங்க?” என்று ஒருவர் சொல்ல, நேற்றுவரை குப்பண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். குப்பண்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கார் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னான்.

“அப்ப, அந்த மரியாதை?”

“அதும் என்ற தப்புதானுங்க மாமா. விலகுனதும் நீங்க இல்லீங்களே, யாரோ உங்க பேர்ல போட்டது. வாபஸ்னு ஒரு வரி போட்டாப் போதுமுங்க. தப்பு என்னுதுன்னு நானே எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடறேன்.”

குப்பண்ணன் வாசலைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

“இத்தனை வருசம் தலைவரா இருந்தேன். ஒருத்தனும் என்னை நல்லவன்னு சொன்னதில்லை” என்றார். “நானே எழுதுனதா இருக்கட்டும் கண்ணு. நீ வாயைத் தொறக்காதே.”

தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு மாலையை வாங்கப் போய்விட்டார்.

சிவப்பிரகாஷ் அங்கேயே நின்றான். குப்பண்ணனின் மனைவி பொன்னாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நீ நல்லா இருப்பே சாமி” என்றாள் குரலைத் தாழ்த்தி. “நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணுன மனுசன், வேளைக்குச் சோறு திங்காம சங்கம் சங்கம்னு அலையறாரு. எத்தனை சொன்னாலும் கேக்கறதில்லை. இன்னைக்கு என்ற போன்ல அவர் பேரு வந்துது. எழுதிட்டேன்.”

மோர் அவனுக்குப் புரையேறியது.

“அதைச் சரி பண்ணிட்டனுங்க அத்தை. இனி அப்படி வராது.”

“வராட்டிப் போகுது” என்று சொல்லி, காலி டம்ளருக்குக் கையை நீட்டினாள்.