பென்ஷனை நிறுத்தும் ஒயர்

சக்குபள்ளம் ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நான்காவது வீடு மத்தியாஸுடையது. அந்த வாசலில் ஏணியைச் சாய்த்துவிட்டு மணிகண்டன் காத்து நின்றான். ஒயர் கூரை ஓரம் வரை வந்துவிட்டது. சுவரில் பெட்டியும் மாட்டியாயிற்று. ரேஷன் கார்டில் பெயருள்ள மத்தியாஸின் போனுக்கு வரும் ஆறு எண்களைச் சொன்னால் அரசாங்கத்தின் இலவச நெட் ஓடத் தொடங்கிவிடும்.

"ஓடிபி வந்திருக்குமுங்க, பார்த்துச் சொல்லுங்க," என்றான். அவனுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி.

பெர்சி உள்ளே போனாள். மாமனார் மத்தியாஸ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மாமா, உங்க போன் எங்க?"

"தெரியல."

தலையணைக்கு அடியிலிருந்து டிங்கென்று ஒரு சத்தம் வந்தது.

"அங்கதான் சத்தம் கேக்குது மாமா."

"அது எலி."

தோட்டத்து நிழல்மரத்தில் ஏறிக் கிளை வெட்டிக் கவாத்து செய்யும்போது விழுந்ததில் மத்தியாஸின் இரண்டு கால்களும் போயின. அன்றிலிருந்து மாதாமாதம் அரசாங்கத்தின் நலப் பென்ஷன் வருகிறது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கைரேகை எடுத்துப் பார்க்கும் மஸ்டரிங்குக்காக, அரசாங்கச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்திலிருந்து டின்சி என்ற பெண் ஒருமுறை வீட்டுக்கே வந்தாள். அன்று காலையில் மிக்சியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கச் சொன்னவர் அவர். கார், ஏசி இருந்தால் பென்ஷன் இல்லை என்று யாரோ சொன்னது லயத்துக்குள் வருவதற்குள் மிக்சியாகிவிட்டது. நேற்று பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி அதோடு நெட்டையும் சேர்த்துவிட்டாள்.

அந்தப் புஷ்பமேரியே இப்போது வாசலில் வந்து நின்றாள். "நான் சும்மா கேள்விப்பட்டதத்தான் சொன்னேன், பெர்சி. மனுசன் இதையே புடிச்சுக்கிடுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

"பன்னெண்டு மணிக்கு வண்டி அணக்கரைக்குப் போயிருமுங்க," என்றான் மணிகண்டன். "அதுக்குள்ள முடியலீன்னா பெட்டியக் கழட்டி லிஸ்டுல அடுத்த ஊட்டுக்குக் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

பெர்சியின் கணவன் ரிஜின் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் தங்கி, ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் மெஷின் பாகங்களை வரைகிறான். வீட்டில் ஒயர் நெட் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் அந்த வாய்ப்பு வேறொருவனுக்குப் போய்விடும்.

பெர்சி வார்டு மெம்பர் ஜிபிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மாமனாரின் காதருகே நீட்டினாள்.

"மத்தியாஸ் சேட்டா, நெட்டுக்கும் பென்ஷனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லா," என்றாள் ஜிபி. "ரெண்டுக்கும் ஒரே பட்ஜெட்டிலதான பணம் வெச்சிருக்கு!"

"ஒரே பட்ஜெட்டா?" மத்தியாஸ் தலையைத் தூக்கினார். "அப்ப இதக் குடுத்துட்டு அத எடுத்துருவான். எனக்கு அவ்வளவுகூடத் தெரியாதா?"

புஷ்பமேரி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜிபி இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

பெர்சி போனை அணைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பென்ஷன் நின்னா என்ன மாமா? உங்களப் பட்டினி போட்டுருவோமா?"

"அதில்லம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "பென்ஷன் வர்ற அன்னைக்குத்தான் 'மீன் வாங்கும்மா'ன்னு ஒன்கிட்ட நான் சொல்லுதேன். மத்த நாளெல்லாம் நீ குடுக்கத வாங்கித் திங்கேன். அந்த ஒரு நாளையும் விடச் சொல்லுதியா?"

இத்தனை நாள் பெர்சி அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றியிருக்கிறாள். ஆனால் அவர் இப்படி ஒன்றை மனதில் வைத்திருப்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தன் மனதில் இருப்பதும் அவருக்குத் தெரியாதே என்று தோன்றியது.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டு கிறிஸ்துமஸ் ஆச்சு மாமா," என்றாள். "சிரிச்சா அவருக்கு எந்தக் கன்னம் குழியும்னு நேத்து யோசிச்சுப் பாத்தேன். நெனவே வரல. எனக்கு அவரு வேணும் மாமா. இந்த வீட்டுல, தினமும்."

வாசலில் புஷ்பமேரி சிரிப்பை நிறுத்தினாள். மணிகண்டன் ஏணியைப் பார்க்கப் போவதுபோல நகர்ந்துகொண்டான்.

மத்தியாஸ் கைகளை ஊன்றி மெல்லத் திரும்பினார்.

"இத ஏம்மா முன்னாலயே சொல்லல?"

"மாமனார்கிட்ட எப்படிச் சொல்ல?"

அவர் தலையணைக்கு அடியில் கையை விட்டுப் போனை எடுத்தார். "எலே தம்பி, வாடே! பென்ஷன் போனா போகட்டும். எழுதிக்கோ. நாலு... ரெண்டு... எழவு, எறும்பு மாதிரில்லா போட்டிருக்கான்."

"அந்த ஓடிபிக்கு நேரம் முடிஞ்சிருச்சுங்க ஐயா," மணிகண்டன் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான். "மறுபடி அனுப்பறனுங்க."

இந்தத் தடவை மத்தியாஸ் போனை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அது சத்தம் போட்டு முடிப்பதற்குள் முதல் எண்ணை வாசித்துவிட்டார்.

மாதக் கடைசியில் ரிஜின் கம்ப்யூட்டரோடும் இரண்டு பெட்டிகளோடும் வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன்தான். அடுத்த வாரம் பென்ஷனும் வழக்கம்போல வந்தது. மத்தியாஸ் அந்தக் குறுஞ்செய்தியை மகனிடம் ஒருமுறையும் புஷ்பமேரியிடம் இரண்டு முறையும் வாசிக்கக் கொடுத்தார்.

அன்று மதியம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெபத்தை மத்தியாஸே சொன்னார்.

"கர்த்தாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். ஏணியில ஏறின அந்தப் பாலக்காட்டுத் தம்பிக்காக ஸ்தோத்திரம். திருவனந்தபுரத்துல உக்காந்து பட்ஜெட்டுல எங்களுக்குன்னு ரெண்டு வரி எழுதினது யாருன்னு எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும். அவுக வீட்டுலயும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். ஆமென்."

"ஆமென்," என்றான் ரிஜின்.

பெர்சி கண்ணைத் திறக்காமல் அப்படியே இருந்தாள்.

"என்னம்மா, நீ ஆமென் சொல்லலியா?" என்றார் மத்தியாஸ். "சொல்லிட்டுச் சோத்தப் போடு. ஆறுதுல்லா."