தண்ணீர் கலந்த தீவனம்

பிரிக்பீல்ட்ஸ் வாழ் பெருமக்களும் அவர்களுடைய சந்ததியாரும் என்றென்றும் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1931ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, சுபகாரிய வாகன சங்கத் தலைவர் கார்த்திகேசு, குதிரைத் தீவனத்தில் நடந்துவந்த கலப்படத்தைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

சங்கத்துக்கு ஒரு வண்டி, ஒரு குதிரை, பதினேழு நிர்வாகிகள். கல்யாண ஊர்வலத்துக்கும் கடைசி ஊர்வலத்துக்கும் அதே டெய்சிதான். மாலையை மட்டும் மாற்றுவார்கள். கிழக் குதிரை. கடைவாய்ப் பல் போய், புல்லை மென்று மென்று உருண்டையாகத் துப்பிவிடும். விலா எலும்பு தெரியத் தொடங்கியபோது, சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை ஒருவர் தம் லாயத்தில் மிஞ்சிய ஐந்து மூட்டைகளை அனுப்பிவைத்தார். சீனி எடுத்த பீட் கிழங்கின் சக்கை, மரத்தூள் மாதிரி காய்ந்து கிடந்தது. முதல் நாள் சாயங்காலமே நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும் என்று துரையின் ஆள், சங்கத்துக் குதிரைக்காரன் நாகையாவிடம் சொல்லிவிட்டுப் போனான். நாகையா அப்படியே செய்தான். விடிந்து பார்த்தால் ஒரு வாளி மூன்று வாளியாகப் பொங்கி நிற்கும். டெய்சி அதில் கண்வரை முகத்தைப் புதைத்துத் தின்றது. ஒன்றரை மாதத்தில் விலா மறைந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத நாகையா உலகத்திடம் வேறெதையும் கேட்கவில்லை.

கார்த்திகேசு ஒரு காலத்தில் பால் பரிசோதகர். இருபத்தாறு வருஷம் பால்காரர்களின் செம்புகளில் பால்மானி விட்டுத் தண்ணீர்க் கலப்படம் பார்த்தவர். பென்ஷன் வாங்கியும் அந்தக் கண்ணாடிக் குழாய் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. அன்று அதை வாளிக்குள் விட்டார். அது சக்கையில் நட்ட கம்பாய் நின்றது.

“முக்கால்வாசி தண்ணி,” என்றார்.

“ஐயா, இது ஊறணும்யா. காஞ்சதப் போட்டா தொண்டையில போயி உப்பிக்கும். பல்லில்லாத சீவன்.”

“பால்காரனும் இப்பிடித்தான் சொல்லுவான், மாடு தண்ணி குடிச்சதெண்டு.”

நிர்வாகிகள் சிரித்தார்கள். மூட்டை மேலேயே இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம், ஐயாவே படித்துப் பார்க்கலாம் என்று நாகையா சொன்னதுதான் வினையாயிற்று. எழுத்தறியாதவன் தமக்கு இங்கிலீஷ் காட்டுவதா? தீவனத்தை உலர்ந்தபடியே தம் கண்முன் போட வேண்டும், இல்லையென்றால் லாயத்துச் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்றார். போய்விட்டால் டெய்சிக்கு யார்? நாகையா காய்ந்த சக்கையைத் தொட்டியில் கொட்டினான்.

பசியில் ஆறேழு வாய் விழுங்கியது. பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு இருமியது. மூக்கில் பழுப்பு நுரை வழிந்தது. நாகையா தொட்டியை இழுத்தெறிந்துவிட்டுக் கழுத்தைத் தடவினான். தோலுக்கடியில் அடைப்பு கைக்குத் தட்டியது. தலையைத் தாழவிடுங்கள், மிருக டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினான்.

கார்த்திகேசு இப்போது தண்ணீர்க் கட்சிக்கு மாறி, போத்தலில் தண்ணீர் ஊற்றி அடைப்பை இறக்கச் சொன்னார். நாலு நிர்வாகிகள் குதிரையின் தலையை உயர்த்திப் பிடித்தார்கள்.

“வேணாம்யா. நெஞ்சுக்குள்ள போயிரும்.”

“ஊத்தடா.”

வேறு கை ஊற்றினால் இன்னும் முரட்டுத்தனமாக ஊற்றும் என்று நாகையாவே போத்தலைச் சாய்த்தான். பாதித் தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

மூன்று நாள் டெய்சி கொதிக்கும் உடம்போடு மூச்சை இழுத்து இழுத்து விட்டது. நாகையா அதன் தாடையைத் தோளில் தாங்கியபடியே நின்றான். நாலாம் நாள் அந்தப் பாரத்தோடு அவனும் சேர்ந்து கீழே சரிந்தான். எழுந்தது அவன் மட்டும்தான்.

குதிரைக்காரனின் கவனக்குறைவே காரணம் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்து அவனை நீக்கியது. அதற்குள் யாரோ மூட்டையைப் படித்திருந்தார்கள். தீவனத்தை ஊறவைத்தே கொடுக்க வேண்டும் என்று லாயத்துச் சுவரில் மூன்று மொழிகளில் எழுதினார்கள்; அதைக் கார்த்திகேசு திறந்துவைத்தார். மாலை போட்டார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற நாகையாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

லாயத்தில் குதிரை இல்லை.