கரைந்த மசகு

மழை ஓய்ந்து, ஓய்ந்ததைத் தானே நம்பாததுபோல் கூரை விளிம்புகளில் துளிகள் தயங்கித் தயங்கி விழுந்துகொண்டிருக்க, மேற்கே முகில் சற்று விலகிய இடைவெளியில் இளவெயில் தலைகாட்டி, ஆற்றின்மேல் எழுந்த வெண்பனியை மஞ்சளாக்கி, நனைந்த கல்தெருக்களில் வழிந்தோடி, நூலாலையின் நெடிய புகைபோக்கி முதல் நெருங்கி நின்ற ஓட்டுவீடுகளின் தாழ்ந்த படிகள் வரை யாவற்றையும் ஒரே மெல்லுறக்கத்தில் ஆழ்த்தியிருந்த விடுமுறை நாளின் பிற்பகல் அது. ஆலை அன்று மூச்சுவிடவில்லை. படகுத்துறையில் கட்டுக்கயிறுகள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன. மூடிய கடைகளின் பலகைகளுக்குமேல் புறாக்கள் தம் ஈரச் சிறகுகளை விரித்துக் காயவைத்தன. கற்றறிந்த அன்பரே, ஊரெல்லாம் கண்ணயர்ந்த அப்பொழுதில் கண்ணயராத ஒரே வீட்டுக்கு உம்மை அழைத்துச் செல்கிறேன். முற்றத்தில் காலடி பார்த்து வாரும். அங்கே ஒரு மிதிவண்டியின் உறுப்புகள் பழந்துணியின்மேல் பரப்பப்பட்டுள்ளன. அவற்றோடு சக்கரத்துக்கென வாங்கிய, பட்டாணியினும் சிறிய புதிய இரும்புக் குண்டுகள் சில உள. ஒன்றை நீர் உதைத்துவிட்டால் மண்டியிட்டுத் தேடவேண்டியவர் நீரே.

வண்டி தலைகீழாய் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பின்சக்கரத்தைக் கழற்றி மடிமேல் சாய்த்தபடி அமர்ந்திருந்தவள் அவ்வீட்டின் மூத்தவள். நூலாலையில் நூல் முறுக்குபவள். நெற்றியில் விழும் மயிரைப் புறங்கையால் ஒதுக்கி ஒதுக்கி அங்கே கருமைக் கோடுகள் வரைந்துகொண்டிருந்தவள். உள்ளறையில் புத்தகம் கட்டும் வேலை செய்பவளாகிய அவள் தங்கை, தாள்களை மடித்து, அடுக்கி, ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி தாளைத் துளைக்கும் ஒலி முற்றத்துக்குக் கேட்டது; மூத்தவளின் பெருமூச்சு உள்ளறைக்குக் கேட்டது. கேட்டும் கேளாததுபோலிருப்பதில் அவ்விருவரும் கைதேர்ந்தவர்கள். இரண்டு ஆண்டுகளாக அவர்கள் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு பேசாதிருப்பது எப்படி என்று நீர் வியக்கலாம். அது ஒன்றும் அத்துணை அரிதன்று. வீம்பு மட்டும் கைவசம் இருந்தால் போதும். உப்புத் தீர்ந்துபோனால் மூத்தவள் அச்செய்தியைக் கதவுக்குச் சொல்வாள். விளக்குத்திரி தீர்ந்துபோனால் இளையவள் சுவருக்குச் சொல்வாள். கதவும் சுவரும் பொறுமையுடன் கேட்டுக்கொள்ள, மறுநாள் உப்பும் திரியும் வந்து சேரும். வீட்டில் இருந்ததோ ஒரு மிதிவண்டி. விடியலில் மூத்தவள் அதனை மிதித்து மேட்டுத்தெரு ஏறி ஆலைக்குச் சென்று, நண்பகலில் திரும்பி, நடைச்சுவரில் சாய்த்துவைப்பாள். சற்றுப் பொறுத்து இளையவள் வந்து, கைப்பிடியில் தமக்கையின் உள்ளங்கை வெம்மை ஆறுமுன்னரே அதனைப் பற்றி, ஆற்றோரப் பாதையில் தன் பட்டறைக்கு மிதித்துச் செல்வாள். இருவர் கைகளும் தொட்டுக்கொள்ளாமலே நாள்தோறும் சந்தித்த இடம் அந்தக் கைப்பிடி ஒன்றே.

பேச்சு முறிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எடைக்கற்களைச் சரிபார்க்கும் பணியில் கடைகடையாய் அலைந்து, இரும்புக் கற்கள் நிறைந்த பெட்டியை அதே வண்டியின் பின்னிருக்கையில் சுமந்து காலங்கழித்த அவர்களுடைய தந்தை, மருத்துவமனையில் நாட்பட்டுக் கிடந்தார். உறங்காமல் காத்திருந்து களைத்த மூத்தவளை இளையவள் வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பினாள். அன்றைய விடியலில் தந்தை மறைந்தார். ஆளனுப்பிச் சொல்ல நேரம் இருந்தும் இளையவள் அனுப்பவில்லை. விழித்தெழுந்து ஓடிவந்த மூத்தவள் குளிர்ந்த கையைத்தான் தொட்டாள். "அவரை நீ மட்டும் வச்சுக்கிட்டே," என்று அவள் அன்று சொன்ன சொல்லே கடைசிச் சொல்லாயிற்று. இளையவள் மறுமொழி கூறவில்லை. கூறாததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக மூத்தவள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் இவ்வீட்டைவிட்டுப் போகிறாள். அக்கரை ஆலையில் வேலையும், ஆலையை ஒட்டி ஓர் அறையும் பேசி முடித்தாயிற்று. மறுநாட் காலைப் படகில் பயணம். பெட்டி கட்டி வாயிலருகே வைத்தாயிற்று. வண்டியைத் தங்கைக்கே விட்டுவிட்டுச் செல்ல எண்ணினாள். ஆயின் சில நாட்களாகவே பின்சக்கரம் கல்லைக் கடித்து மெல்லுவதுபோல் அரைந்துகொண்டும், மேட்டில் தள்ளாடிக்கொண்டும் இருந்தது. தேய்ந்த குண்டுகளை மாற்றிச் செம்மைசெய்து வைத்துவிட்டால், ஒரு சொல்லும் பேசாமலே கடமை தீர்ந்துபோகும் என்பது அவள் கணக்கு. சொல்லப்போனால் அவள் அஞ்சியது சக்கரத்தைப் பற்றியன்று. இவ்வேலை முடிந்ததும் செய்வதற்கு வேறொன்றும் இராது; பேசாமலே விடியும்; பேசாமலே படகு வரும்; பின் எந்நாளும் அப்பேச்சு நிகழாது. 

அச்சின் நுனியை இறுக்கியிருந்த பூட்டுமறையைத் தளர்த்தி, குண்டுகளை உள்ளிருந்து தாங்கும் கூம்பைச் சுழற்றி எடுத்து, அச்சை மெல்ல உருவினாள். முன்னெல்லாம் அவள் அச்சை உருவியதில்லை. பருவத்துக்கொருமுறை, தங்கை கடைத்தெருவுக்குப் போகும் நேரம் பார்த்து, மூடியை நெகிழ்த்தி, வெண்ணெய்போல் கெட்டியான மசகைக் குடத்தினுள் திணித்து, மறுபடி மூடிவிடுவது மட்டுமே வழக்கம். ஆரக்கால்கள் வந்து கூடும் நடுப்பகுதியை நம் முன்னோர் குடம் என்றனர். அந்தக் குடத்துள் இப்போதும் மசகு நிறைந்திருக்குமென்று எதிர்பார்த்தாள். அச்சு வெளிவந்ததும் கரிய நீரொன்று கொழகொழவென்று வழிந்து அவள் மடியை நனைத்தது. மசகு ஒரு பொட்டும் இல்லை. மணலும் இரும்புத்தூளும் கலந்த அந்தக் கருங்குழம்பில் குண்டுகள் பளபளப்பிழந்து, பொரிந்த முகத்தோடு, அம்மைத் தழும்பு விழுந்தவைபோல் கிடந்தன. விரலால் தொட்டு முகர்ந்தாள். அது புத்தகப் பட்டறையில் தாள்வெட்டும் பொறிகளுக்கு விடும் மெல்லிய எண்ணெய். அத்தகைய எண்ணெய் இவ்வீட்டில் யாரிடம் உண்டு என்பதை அறிய அவளுக்கு நெடுநேரம் ஆகவில்லை.

"இதுல யாரு எண்ணெய் ஊத்தினது?" என்றாள். பழக்கத்தால் கதவைப் பார்த்தே கேட்டாள்.

ஊசியின் ஒலி நின்றது. கதவு இம்முறை பேசாதிருக்கவில்லை. அதன் நிலையில் இளையவள் வந்து நின்றாள்.

"நான்தான். தினமும் ராத்திரி நீ படுத்தப்புறம் சக்கரத்து நடுவுல இருக்கிற எண்ணெய் ஓட்டை வழியா ரெண்டு சொட்டு விடுவேன்."

"எதுக்கு?"

"மேட்டுத்தெருவுல நீ மிதிக்கிறது படுக்கையில கிடக்கிற எனக்குக் கேக்கும். கஷ்டப்பட்டுத்தான் மிதிக்கிற."

மூத்தவள் தன் கருத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உள்ள கிரீஸ் வச்சிருந்தேன். நீ இருட்டுல ஆத்தோரமா வர்றவ, வழியில நின்னுடக் கூடாதேன்னு. உன் எண்ணெய்தான் அதைக் கரைச்சு வெளிய தள்ளியிருக்கு. மண்ணையும் உள்ள கூட்டிட்டுப் போயிருக்கு."

"கிரீஸ் வச்சேன்னு சொன்னியா?"

"நீ எண்ணெய் விடுறேன்னு சொன்னியா?"

 அன்பரே, பகை கெடுத்த பொருள்கள் உலகில் பல. ஆயினும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அன்பு செய்தே கெடுத்த பொருள் அவர்கள் கண்முன் கிடந்தது. ஒருத்தி வைத்ததை மற்றவள் கரைத்தாள். கரைந்ததை முன்னவள் மீண்டும் வைத்தாள். இரண்டு நன்மையும் ஒரு குடத்துள் கலந்து நஞ்சாயின. இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கமாட்டாமல் மூக்கால் விட்டாள். மூத்தவளுக்கு முதலில் சினமும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் வந்தன.

"நல்லா கெடுத்தோம் ரெண்டு பேரும்," என்றாள் மூத்தவள். "சும்மா நிக்காதே. அந்த மண்ணெண்ணெயை எடு."

இளையவள் எதிரே வந்து அமர்ந்தாள். குடத்தின் உட்கிண்ணங்களை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, கழுவியும் துடைத்தும் கருமை நீங்காத மூலைகளைத் துணிமுனையால் சுரண்டி, புதிய மசகை விளிம்பெங்கும் தடவி, அம்மசகில் புதிய குண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பதித்தனர். வெயில் முற்றத்தின் பாதியைவிட்டு விலகி மறுபாதிக்குச் சென்றது. ஆற்றுப்பனி மதில்மேல் ஏறி உள்ளே எட்டிப்பார்த்தது. அப்பனியினூடே எல்லாம் சற்றுத் தொலைவில் நிகழ்வதுபோல், தன் கைகளே வேறு யாருடைய கைகளோ என்பதுபோல், மூத்தவளுக்குத் தோன்றியது. கனவில் கிடைத்ததைக் கண்விழித்து இழந்துவிடுவோமோ என்று அஞ்சுபவளைப்போல் அவள் மெல்ல மெல்ல வேலை செய்தாள்.

அச்சைச் செலுத்திக் கூம்பைத் திருகியபின்தான் நுட்பமான வேலை. அளவுக்கு மீறி இறுக்கினால் குண்டுகள் அரைபடும். இறுக்கம் குறைந்தால் சக்கரம் ஆடும். அச்சைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி பட்டறைகளில் உண்டு; இவ்வீட்டில் இல்லை. ஆகவே ஒருத்தி ஒருபுறத்து மறையை அசையாமல் பற்றிக்கொள்ள, மற்றவள் மறுபுறத்தில் கூம்பை ஒரு கையால் நிறுத்திப் பூட்டுமறையை மறுகையால் இறுக்கவேண்டும். நான்கு கைகளும் சக்கரத்தில் சிக்கியிருந்தன. எழுந்து போகவும் முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. இரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த கேள்வி அப்போதுதான் மூத்தவளின் வாய்க்கு வந்தது.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

இளையவள் பிடியைத் தளர்த்தவில்லை. "கேக்கல," என்றாள்.

மூத்தவளின் கண்கள் நிறைந்தன. துடைக்கக் கையில்லை.

"கேக்க வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு," என்றாள் இளையவள். குரல் எழும்பவில்லை. "உனக்கு ஆள் அனுப்பலாமான்னு நினைச்சேன். உன் முகம் இருந்த இருப்பு... இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டேன். அப்ப அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பாத்து 'பெரியவளே'ன்னு கூப்பிட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் அவ இல்லப்பா, சின்னவள்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அவர் முகத்துல அவ்வளவு நிம்மதி. சொல்ல மனசு வரல. 'இங்கதான் இருக்கேன்பா'ன்னேன். நீ பக்கத்துல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேதான் போனார்."

கூரையிலிருந்து ஒரு துளி விழுந்தது. 

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொல்லிட்டா, கடைசியில அவர்கிட்ட இருந்தது நீதான்னு ஆயிடும். நான் அந்த அறையில இல்லவே இல்லைன்னு ஆயிடும். அவர் என்னைப் பாக்காமலே போயிட்டார்."

 தந்தையிடம் விடைபெறும் பேறு தனக்கு மட்டும் இல்லாமற் போயிற்றென்று இத்தனை நாள் மூத்தவள் எரிந்துகொண்டிருந்தாளே, அப்பேறு அவளுக்கு முழுதும் கிடைத்திருந்தது. தங்கை தன்னுடையதை ஈந்து அதனை வாங்கித் தந்திருந்தாள். ஈந்ததற்குக் கூலியாக ஒரு சுடுசொல்லைப் பெற்றுக்கொண்டு, எதிர்வழக்காடாமல், எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு இரவுதோறும் நடைக்கு வந்திருந்தாள். இறுக்கிக்கொண்டிருந்த மறை எப்போதோ இறுகி முடிந்திருந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை. பின்னர் மூத்தவள் சக்கரத்தை விட்டாள். மசகு படிந்த தன் கையால் மசகு படிந்த அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, இவ்வீட்டில் தந்தை ஒருவர் மட்டுமே அழைத்துவந்த சொல்லால் அழைத்தாள்.

"சின்னவளே."

அவ்வளவுதான். மருத்துவமனையில் அழாதவளும், அடக்கத்தன்று அழாதவளும், சுடுசொல் கேட்டபோதும் அழாதவளுமாகிய இளையவள், தமக்கையின் தோளில் முகம் புதைத்து, சிறு பிள்ளைபோல் வாய்விட்டு அழுதாள்.

அழுது ஓய்ந்தபின் சக்கரத்தைப் பொருத்திச் சங்கிலியை மாட்டினர். "நாளைக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்றாள் இளையவள்.

"வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். போகணும். வாராவாரம் லீவுக்கு இங்க வந்துடுவேன். இனிமே நீ இதுல எண்ணெய் ஊத்தாம இருக்கியான்னு பாக்க வேணாமா?"

"அப்ப நீயும் எதையாவது திணிக்கிறதா இருந்தா சொல்லிட்டுத் திணி."

மறுநாட் காலை, தங்கை மிதிக்க, தமக்கை பெட்டியை மடியில் தாங்கிப் பின்னால் அமர, இருவரும் படகுத்துறைக்கு இறங்கினர். படகு பனிக்குள் புகுந்தது. கரையில் நின்றவளின் உருவும் படகில் நின்றவளின் உருவும் ஒன்றுக்கொன்று மங்கி மறைந்தபின்னும், இருவரும் ஏதேதோ கூவிச் சொல்லிக்கொண்டேயிருந்தனர்; பாதியைக் காற்று தின்றது, பாதி போய்ச் சேர்ந்தது. ஒரு கூரையின்கீழ் வாய்மூடி வாழ்வோர்க்கு ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் செல்லவும் வழியில்லாமற் போகிறது. வாய்திறந்து பேசிப் பிரிந்தோர்க்கு ஆறு குறுக்கிட்டாலும் வழி அறுவதில்லை. அன்பரே, உம் வீட்டிலும் அப்படி ஒரு மறு அறை இருக்குமாயின், இக்கதையை இவ்விடத்திலேயே மூடிவைத்துவிட்டு எழுந்து செல்வீராக.