ஆயிரத்தெண்ணூறு டாலர் கதவு

ஒரு மனிதனின் மூச்சு ஆயிரத்தெண்ணூறு டாலர். விலை வைத்தவர் வங்கித் தலைவர் ஹைரம் புல்லார்ட். பெட்டக அறையின் இரும்புக் கதவுக்கு அவர் கொடுத்த விலை அது. அதை உடைத்தால்தான் உள்ளே இருப்பவன் வெளியே வருவான் என்பதால் மூச்சுக்கும் அதே விலையாகிவிட்டது.

உள்ளே இருந்தது காசாளர் அமோஸ் டாகெட். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் அறுபது வருஷமாக நடக்கிற வங்கி. கொள்ளைக்காரர்கள் காசாளர்களைப் படுக்கையிலிருந்து இழுத்துவந்து பெட்டகத்தைத் திறக்கவைத்த காலம் அது. அதற்குப் பயந்து வாங்கியதுதான் அந்த நேரப்பூட்டு. முடுக்கிய மணிக்கணக்கு தீரும்வரை யார் கெஞ்சினாலும் திறக்காது. திங்கள் விடுமுறையாயிற்றே என்று செவ்வாய் காலைவரை முடுக்கியவனும் டாகெட்தான். சனிக்கிழமை நாலு மணிக்கு, மறந்துவைத்த தொப்பியை எடுக்க உள்ளே போனான். நாலு என்றால் நாலு என்கிற புல்லார்ட், எட்டிப் பார்க்காமல் சாத்திவிட்டார்.

கொல்லுப்பட்டறைக் கருமான் வந்து கதவுப் பூட்டின் எண்வட்டைத் தட்டி எடுத்ததில் விரல் நுழைகிற ஓட்டை ஒன்று கிடைத்தது. அதில் வாய் வைத்துத்தான் டாகெட் மூச்சிழுத்தான். முதுகுக்குப் பின்னால் கும்மிருட்டு.

"ஏங்க, மூச்சு விட முடியுதா?" என்றாள் மனைவி லவீனியா.

"உறிஞ்சிக் குடிக்கிறேன். உடைக்கச் சொல்லு!"

"செவ்வாக்கிழமை தானாத் திறக்கும். குழல் வச்சு சூப் ஊத்தறேன், சும்மா இருய்யா," என்றார் புல்லார்ட்.

"உங்க மாமியார் உள்ள மாட்டியிருந்தா?" என்றாள் லவீனியா.

"அப்ப செவ்வாக்கிழமைகூட அவசரம்மா."

வேடிக்கை பார்க்க வந்த ஊர் சிரித்தது. டாகெட்டுக்குத் தலை கனத்தது, கால் மரத்தது. தடுமாறியபோது கடன்பத்திர இழுப்பறை முழங்காலில் இடித்தது.

"ஐயா, பொழுது போகல. கடன்பத்திரமெல்லாம் இருட்டுலயும் எனக்கு மனப்பாடம், ஒண்ணொண்ணா வாசிக்கட்டுமா?"

"வாசிக்காத, கிழிச்சுப் போடு! ஒரு மாசம் உள்ளயே இரு ராசா, சாப்பாடு என் பொறுப்பு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு கடன்காரன் கத்தினான்.

"பெரிய தொகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆறாயிரம் டாலர். ஈடு கிடையாது. வாங்கினவர் பேரு..."

"உடைடா கதவை!" புல்லார்ட்டின் குரல் கிழிந்தது. கருமான் விடிய விடிய உடைத்தான்.

வெளியே வந்த டாகெட்டைத் தனியே தன் அறைக்குக் கூப்பிட்டார் புல்லார்ட்.

"மிரட்டல் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து யாரோடது, டாகெட்?"

"என்னோடது. போடலன்னா வேலை போயிடும்னு நீங்கதான..."

"போட்டியா இல்லையா? நான் ஜெயிலுக்குப் போனா பக்கத்து அறை உனக்குத்தான். சரி, கதவு யார் கணக்குல?"

அந்த அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. டாகெட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு பேனாவை எடுத்தான்.

வங்கியின் நூற்றாண்டு மலரில் 'அவ்வாண்டு புதுக்கதவு பொருத்தப்பட்டது' என்று ஒரே வரி. பேரேட்டில் அன்று அவன் கையாலேயே எழுதியது இது: கதவு 1,800. கருமான் கூலி 12. ஆக 1,812 டாலர். காசாளர் சம்பளத்தில் மாதம் 12 பிடித்தம், நூற்றைம்பத்தொரு மாதம். இதுவரை வரவு இல்லை, பாக்கி முழுசும்.