மூலை ஊறியிருந்தது

அண்ணனின் இடது காலில் மட்டும் ஷூ இருந்தது. மற்றது உள்ளே கட்டிலுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. வேலைக்குக் கிளம்பியவர் ஒரு காலில் போட்டுக் கட்டிவிட்டு அடுத்த காலுக்குக் குனிந்திருக்கிறார், அவ்வளவுதான். அண்ணி காபியைக் கொண்டுவந்து வைத்து, ஆறுது ஆறுது என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தோளைத் தொட்டிருக்கிறாள். டாக்டர் வந்து கையை விரித்துவிட்டுப் போனார். கூடத்தில் கிடத்தியாயிற்று. இப்போது தம்பி காலடியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

இரட்டை முடிச்சு. கூரைமேல் லேஸ் தடுக்கினால் ஆளே காலி என்று அண்ணன் எப்போதும் இரட்டையாகத்தான் போடுவார். முடிச்சு சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. மனுஷன் மாதிரியேதான். அழுகை வருகிறதா என்று தம்பி தனக்குள் பார்த்தான். வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் போல உடம்பு முழுக்க இருந்தது.

போன் அடித்தது. மெத்தைக் கிடங்கு மேனேஜர்.

"சார், பெரியவர் போனே எடுக்கல. வானம் கருத்துக்கிட்டு வருது. மேல அந்தப் பக்கம் அப்படியே திறந்து கிடக்கு. கீழ எவ்வளவு மெத்தை இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"அண்ணன் செத்துட்டாரு சார்."

ஷீட் லோடு நாளைக்குத்தான் வரும் என்று சொல்வது போலத்தான் அது வாயிலிருந்து வந்தது. மேனேஜர் ஐயோ என்றார். பிறகு, "அப்ப நீங்க அதைப் பாருங்க சார். மழை வந்தா வரட்டும், என்ன பண்றது" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் தட்டையான கூரைகளுக்கு ஷீட் போடுகிறவர்கள். கிடங்கு, கடை, தியேட்டர் என்று பெரிய கட்டடங்கள். பழைய தார்க் கூரை ஒழுக ஆரம்பித்தால் இவர்களுக்கு ஆள் வரும். வெள்ளை பிவிசி ஷீட்டை உருட்டி விரித்து, ஓரத்தில் ஸ்க்ரூ அடித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தைச் சூடான காற்றால் இளக்கி ஒட்டினால், கூரை முழுவதும் ஒரே துணியாகிவிடும். அதில் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் அடியில் இருப்பதை என்ன செய்வது என்பதில்தான்.

மெத்தைக் கிடங்கில் தம்பி சொன்னது எளிது. பிவிசி தார்மேல் நேராகப் படக்கூடாது. பட்டால் ஷீட்டில் இருக்கிற எண்ணெய்ப் பசையைத் தார் இழுத்துக்கொள்ளும், நாளாக ஆக ஷீட் விறைத்து வெடிக்கும். அதனால் நடுவில் ஃபெல்ட் துணி விரித்துவிட்டு மேலேயே போட்டுவிடலாம், பழையதைப் பிரிக்கவே வேண்டாம்.

அண்ணன் கேட்கவில்லை. வடிகுழாய் இருக்கிற மூலையில் தார் கொப்புளம் போட்டிருந்தது. "அடியில மரநார்ப் பலகை ஊறிக்கிடக்கும்டா. ஊறினதுக்கு மேல புதுசு போடறது பொணத்துக்கு பவுடர் பூசற மாதிரி. எல்லாத்தையும் பிரிச்சுப் போடு" என்றார். கிடங்கு முதலாளியும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். பிரித்தார்கள். பிரித்த இடமெல்லாம் பலகை காய்ந்துதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்ப்பான். "மூலை வரட்டும்" என்பார் அண்ணன். ஒரு வாரமாக இதே பேச்சு.

மூலை வரவில்லை. நேற்று மத்தியானம், நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு என்று அண்ணன் சீக்கிரம் கிளம்பிவிட்டார். மூலையை ஒட்டிப் பிரித்த இடத்தில் தார்ப்பாயைப் போட்டுச் செங்கல்லை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். கூரையின் தண்ணீர் முழுவதும் அந்த மூலைக்குத்தான் ஓடும். அதை முடிக்காமல் மழை வந்தால் புது ஷீட்டில் ஓடிவருகிற தண்ணீரெல்லாம் மெத்தைமேல் இறங்கும்.

சாகப்போகிற மனுஷன் கூரையைப் பிரித்துப் போடுவாரா? தம்பிக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து வந்த ஒரே உணர்ச்சி அதுதான் என்பதால் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டான்.

"போயி மூடிட்டு வாங்க தம்பி" என்றாள் அண்ணி. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "அந்த மூலை இன்னும் பிரிக்கலைல்ல?"

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"ராத்திரி சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டு அதையேதான் பேசினாரு. நாளைக்கு மூலையைப் பிரிக்கும்போது அவன் மூஞ்சியப் பாக்கணும்னு ஒரே சிரிப்பு. போங்க. பொண்ணு ஊர்லேர்ந்து நாளைக்குக் காலையில வந்தாத்தான் எடுப்பாங்க. இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த அண்ணியின் அண்ணன் வழிமறித்தார். "பொணத்தப் போட்டுட்டு வேலைக்கா போறீங்க? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ நாற்காலியப் போடு" என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

கிடங்கின் கூரைமேல் நெட்டை காத்திருந்தான். இவர்களோடு பல வருஷமாக வேலை செய்கிறவன். அழுது முகம் வீங்கியிருந்தது. அதைப் பார்க்கத் தம்பிக்குப் பொறாமையாக இருந்தது.

"மெஷின் சூடாயிடுச்சு சின்னவரே" என்றான்.

தினமும் முதலில் இரண்டு துண்டு ஷீட்டை ஒட்டி, ஆறவைத்து, பிய்த்துப் பார்ப்பார்கள். ஒட்டின இடம் பிரிந்தால் சூடு சரியில்லை. ஒட்டின இடம் விடாமல் ஷீட்டே கிழிந்தால் வேலையைத் தொடங்கலாம். பிய்ப்பது அண்ணன் வேலை. இன்று நெட்டை துண்டை ஒட்டிவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தம்பி வாங்கி இழுத்தான். ஷீட் கிழிந்தது.

"ஓட்டு" என்றான்.

நெட்டை நீளமான ஒட்டுகளை மெஷினில் ஓட்டிக்கொண்டு போக, தம்பி மூலைக்குப் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தான். கொப்புளத்தில் கத்தியை இறக்கினான். சூடான காற்று மணிக்கட்டில் பட்டது. தார்த் தோலை இரண்டு கையாலும் பிடித்து உரித்தான்.

பலகை காய்ந்திருந்தது. கடையிலிருந்து நேற்று வந்ததுபோல வெளிறிய நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினான், தூள் பறந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினான். வடிகுழாயின் வாயைச் சுற்றிக்கூட ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெயிலில் காற்று உப்பிய வெறும் கொப்புளம். ஒரு வாரம் பிரித்ததெல்லாம் வெட்டி வேலை.

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா!" என்றான் சத்தமாக. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கத்தியால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் இதை அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேராக நீட்ட வேண்டும். என்ன சொல்லிச் சமாளிக்கிறார் என்று பார்க்க வேண்டும். பையின் பொத்தானைப் போட்டான்.

தூரத்தில் நெட்டை மெஷினை நிறுத்திவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விரல் பொத்தான்மேலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு தம்பி சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தான்.

மூலைக்கு மெஷின் நுழையாது, கையால்தான் ஒட்ட வேண்டும். இடது கையில் சூடு, வலது கையில் ரோலர். ஷீட்டை மடித்து, ஏற்றி, இளக்கி, உருட்டினான். குழாய் வாய்க்குள் இறங்குகிற துண்டை இரண்டு தடவை ஒட்டினான். கடைசியில் கொக்கியால் ஒட்டின விளிம்பு முழுக்கக் குத்தி இழுத்துப் பார்த்தான். எங்கும் நுழையவில்லை. நல்ல வேலை. அதையும் சொல்ல ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் யாரோ அண்ணனின் இரண்டு கால்களையும் சேர்த்துத் துணியால் மூடியிருந்தார்கள். அண்ணி காலையில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தாள். காபி டம்ளர் ஒன்று பக்கத்தில் ஆடை படிந்து கிடந்தது.

"மூடியாச்சா?"

"ஆச்சு அண்ணி. ஒரு சொட்டு இறங்காது."

அவள் தலையாட்டினாள். பிறகு, "மூலை என்ன ஆச்சு?" என்றாள்.

தம்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தான். சவரம் செய்யாத தாடை ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. விவாதம் என்று வந்துவிட்டால் அப்படித்தான் வைத்துக்கொள்வார்.

"ஊறித்தான் இருந்துச்சு அண்ணி. பிழிஞ்சா தண்ணி வரும். அண்ணன் சொன்னதுதான் சரி."

அண்ணி சட்டென்று அண்ணன் பக்கம் குனிந்தாள். "கேட்டீங்களா? ஊறித்தான் இருந்துச்சாம். உங்க தம்பியே சொல்றாரு." சொல்லும்போதே குரல் உடைந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அழுகை ஓய்ந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "துண்டு எடுத்துட்டு வந்திருப்பீங்களே. யாரு ஜெயிச்சாலும் ஒரு துண்டு கொண்டுவந்து மேசைமேல போடுவீங்களே. அதைக் கொண்டாங்க, அவரு பக்கத்துல வைக்கிறேன்."

"வண்டியில இருக்கு அண்ணி. எடுத்துட்டு வரேன்."

அவன் வண்டிக்குப் போகவில்லை. வீட்டின் பக்கவாட்டில், மாடித் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற இடத்துக்குப் போனான். பையின் பொத்தானைக் கழற்றிப் பலகைத் துண்டை எடுத்து, இரண்டு கையாலும் தண்ணீரில் பிடித்தான்.

காய்ந்த பலகை முதலில் குடிக்கவில்லை. தண்ணீர் மேலேயே உருண்டு ஓடியது. திருப்பிப் பிடித்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மறுபடி திருப்பிப் பிடித்தான். ஓரங்களில் இருந்து பலகை மெதுவாகக் கறுக்கத் தொடங்கியது.