பாடகர் மாடியின் கீழே

அந்தச் சனிக்கிழமை ஆலயத்தைப் பெருக்குவது அவள் முறை. பாடகர் குழு நின்று பாடும் மர மாடிக்கு நேர் கீழே, கடைசி பெஞ்சின் மேல் மஞ்சளாக மரத்தூள் கிடந்தது. துடைத்தாள். மற்ற பெஞ்சுகளை முடித்துத் திரும்பினால், துடைத்த இடத்தில் மறுபடியும் தூள். அண்ணாந்து பார்த்தாள். மாடியைத் தாங்கும் சட்டத்தில், முன்விளிம்பை ஒட்டி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

வாய் ஓயாதவள் என்பதால் சபையார் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. ஆனால் அந்த மாடியைக் கட்டியவர் அவளுடைய அத்தான், பேர் வாங்கிய தச்சர். பாடகர் குழுவை நடத்துவது அவர் மனைவி, இவளுடைய அக்கா. நாளைக்கும் நிறைமாத வயிற்றோடு மேலேதான் நிற்பாள்.

பட்டறைக்கு ஓடினாள். அத்தான் இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"மரம்னா வெடிக்கத்தான் செய்யும். அடுத்த வாரம் பாக்குறேன்."

"தூள் கொட்டிக்கிட்டே இருக்கு அத்தான். நாளைக்கு மட்டும் எல்லாரையும் கீழ நின்னு பாடச் சொல்லுங்களேன்."

"என் வேலை மட்டம்னு நானே தண்டோரா போடணுமா? நாக்கை அடக்கணும்னு போதகர் போன வாரம் யாரைப் பாத்துச் சொன்னாருன்னு நினைக்கிற? ரேடியோவைக் கொஞ்சம் அணைச்சு வை."

அவளும் சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் வேதத்தைத் திறந்து அந்த வசனத்தைத் தேடினாள். இருந்தது. பேசவும் பேசாதிருக்கவும் தனித்தனிக் காலம் உண்டு என்பதும் இருந்தது. எது எந்தக் காலம் என்று மட்டும் காணோம். பிறகு காவற்காரனைப் பற்றிய பகுதி கண்ணில் பட்டது. ஆபத்தைக் கண்டும் எக்காளம் ஊதாதவனிடம், செத்தவர்களின் இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கப்படுமாம். சட்டென்று மூடிவைத்தாள்.

காலையில் போதகரிடம் சொல்லிவிடுவதென்று போனாள். ஆலய வாசலில் அவர் பக்கத்திலேயே அத்தான் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்துச் சிரித்தார். அவள் நேராக உள்ளே போனாள். மாடிப்படியில் அக்கா ஏறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்குக் கீழ நின்னு பாடேன்."

"ஏண்டி, மேல நின்னா என் குரல் கசக்குதா?"

"இல்ல... படி ஏறக் கஷ்டமே, அதான்."

அந்தச் சபையில் ஆராதனை மௌன ஜெபத்தோடு தொடங்கும். மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். போதகர் ஆமென் சொல்லும்வரை இருமக்கூடப் பயப்படுவார்கள். மேலே பாடகர்கள் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். ஆமென்னுக்குப் பிறகுதான் எழுந்து முன்னால் வருவார்கள்.

அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. அந்த அமைதியில்தான், தலைக்கு மேலே மரம் முனகுவது கேட்டது. மடியில் தூள் விழுந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி விழுந்தது. போதகர் ஆமென் சொல்வதற்குள் சொல்லியாக வேண்டும்.

எழுந்தாள்.

"அக்கா!"

சபையே திடுக்கிட்டுத் திரும்பியது. போதகர் கண் திறந்தார்.

"யாரது?"

"வேற யாரு, நம்ம ரேடியோதான்" என்று யாரோ முணுமுணுக்க, சிரிப்பு பரவியது.

"மாடி... அக்கா, மாடி..."

வாழ்நாளெல்லாம் பேசியவளுக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மௌனத்தைக் கலைத்தது யார் என்று பார்க்க, சுவரோரம் இருந்த பாடகர்கள் எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக முன்விளிம்புக்கு வந்து, கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அக்கா.

"என்னடி?" என்றாள்.